கேதீஸ்வரி திருப்பிப் பார்த்த தட்டு

பாண்டிருப்புக் கேதீஸ்வரியின் கையை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். கல்முனையில் ஓர் ஆய்வுகூடத்தின் சின்ன யன்னல் வழியாக உங்கள் பரிசோதனைத் துண்டை வாங்கி, "நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க" என்று சொன்ன கை அது. முகம் நினைவிலிருக்காது. நினைவில் வைக்கும்படி அவள் யாரையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

அந்தக் கை ஒரு தடவை தவறு செய்தது. அதனால் ஒரு கிணறு மண்மூடிப் போக இருந்தது. கிணற்றோடு ஒரு தகப்பனின் நெஞ்சும்!

கடலிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்கள் கரையில் எந்தக் கதை வேறெங்கே தொடங்குகிறது?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கேதீஸ்வரிக்குக் காலைக் கடமை. கணவனை இழந்த அவளுக்கு இருந்த ஒரே உயிர் ஏழு வயது மகள் சுலக்சனா. கடற்கரைப் பக்கத்திலிருந்த தமக்கை வீட்டில் பிள்ளையை விட்டுவிட்டு, "பகல் சோத்துக்கு வந்திருவன் மகள்" என்று சொல்லிப் போனாள். பகல் சோற்றுக்கு அவள் வந்தபோது வீதியும் இல்லை, வீடும் இல்லை. வாசலில் நின்று கையசைத்த பிள்ளையும் இல்லை. உடல்கூடக் கிடைக்கவில்லை.

பதினைந்தாம் நாள் வேலைக்கு வந்தாள். மகளின் பெயரை அதன்பிறகு அவள் வாயால் யாரும் கேட்கவில்லை. ஆய்வுகூடத்துச் சிற்றூழியர் சல்மா உம்மா மட்டும், அவள் தனியாக நிற்கும் நேரங்களில் ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போவார்.

ஆய்வுகூடத்துக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் ஐந்து சின்னக் குப்பிகள் இருந்தன. தண்ணீர் போல நிறமில்லாத ஏதோ ஒன்று. இரண்டு வருடங்களுக்கு முன் கொழும்பில் ஆறு வாரப் பயிற்சி முடித்துத் திரும்பியபோது, பழகிப் பார்க்கட்டும் என்று கேதீஸ்வரியிடம் கொடுத்தனுப்பியவை. சல்மா உம்மாவுக்கு அவற்றின்மேல் எப்போதும் ஒரு சந்தேகம்.

"இதுக்குள்ள என்ன மிஸ் இரிக்கி? வெறுந்தண்ணி மாதிரித்தானே கிடக்கு?"

"கிருமியத் தின்னுற சாமான் உம்மா. பேஜ் எண்டு சொல்லுற. கிருமியையாவது மைக்கிராஸ்கோப்பில பார்க்கலாம். இத அதிலயும் பார்க்க ஏலாது."

"கண்ணுக்கும் தெரியா, மைக்கிராஸ்கோப்புக்கும் தெரியா. அப்ப இரிக்கெண்டு எப்பிடித் தெரியும்?"

"அது திண்ட இடம் தெரியும்."

கொழும்பில் முதன்முதல் அதைக் கண்ட காலையைக் கேதீஸ்வரி மறந்ததே இல்லை. கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய வைத்த அகார்க் கூழின்மேல் கொலராக் கிருமியைப் பரப்பி, அதன்மேல் அந்தத் தண்ணீரில் ஒரு துளி வைத்திருந்தார்கள். மறுநாள் பார்த்தால் தட்டு முழுவதும் பாலாடை படர்ந்ததுபோல் கிருமி வளர்ந்திருக்கிறது. துளி விழுந்த இடத்தில் மட்டும் ஒரு வட்டம், கழுவித் துடைத்த கண்ணாடிபோல்! கோடானுகோடிக் கிருமிகள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. ஒரு பேஜ் ஒரு கிருமியின்மேல் வந்து ஒட்டுகிறது. உள்ளே புகுகிறது. சோறு வேகும் நேரத்துக்குள் கிருமியின் வயிறு வெடித்து நூறு பேஜ்கள் வெளியே வருகின்றன. நூறும் நூறைத் தேடிப் போகின்றன.

அதைவிட அதிசயம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பேஜும் தனக்குரிய கிருமியைத்தான் தொடும். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு கொலராக் கிருமிகளில் ஒன்றைத் தின்னும், மற்றதன்மேல் பட்டினியாகக் கிடந்தே அழியும். மனிதர் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் அந்த அற்பத்துக்குத் தெரிகிறது! ஐந்து விதமான பேஜ்களை ஐந்து துளியாக வைத்து, எந்தெந்தத் துளி வட்டம் போட்டிருக்கிறது என்று பார்த்தால், அது எந்த வகைக் கிருமி என்று சொல்லிவிடலாம். கேதீஸ்வரி நான்கு மூலைகளிலும் நான்கு, நடுவில் ஒன்று என்று வைப்பாள். தட்டின் அடிப்புறத்தில், மேல் எது என்று தெரிய ஒரேயொரு கோடு போடுவாள். வேறு அடையாளம் வைப்பதில்லை. அந்த ஒரு கோடு போதும் என்று நினைத்திருந்தாள்.

2005 சித்திரை. கல்முனைக்கும் பாண்டிருப்புக்கும் இடையில் ஒரு வெறுங்காணியில் கூடார முகாம். ஒரு வரிசையில் தமிழ்ச் சனம், மறு வரிசையில் முஸ்லிம் சனம். முகாமின் வாசலில் ஒரு தொண்டு நிறுவனம் வைத்த நீல நிறத் தண்ணீர்த் தாங்கி. அதற்குப் பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து நிரப்புபவர் ஹமீட். தாங்கியில் தண்ணீர் முடிந்தால், வேலிக்கு அப்பால் முகைதீன்பாவாவின் கிணறு.

அண்ணன் முறைக்கு ஊரார் காக்கா என்று கூப்பிடும் முகைதீன்பாவாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. மகள் உம்முவுக்கு மாசியில் கல்யாணம் என்றிருந்தது. எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக்கொடுக்க வேண்டுமே! கல்லெல்லாம் அடுக்கி வைத்திருந்தார். கடல் பெண்ணைக் கொண்டுபோய்விட்டுக் கல்லை விட்டுவிட்டுப் போனது. ஊரிலுள்ள கிணறெல்லாம் உப்பாகிக் கிடந்தபோது அந்த மனிதர் தன் கிணற்றைப் பதினொரு தடவை இறைத்தார். சேற்றை அள்ளினார். மகளின் வீட்டுக்கென்று வைத்திருந்த கல்லால் கட்டுச் சுவரைப் புதிதாக எழுப்பினார். பங்குனி மழையோடு உப்புக் கரைந்து தண்ணீர் நல்லதாயிற்று. "இது உம்முட பேரால ஸதகா, தருமம். குடிக்கிற ஒவ்வொரு மிடறுக்கும் நன்மை அவளுக்குப் போகும்" என்று சொல்லி, வேலிப் படலையைக் கழற்றி வைத்துவிட்டார். தமிழரும் முஸ்லிம்களும் அள்ளினார்கள். சனம் அதை உம்மு கிணறு என்று அழைக்கத் தொடங்கியது.

அப்படியிருக்கும்போதுதான் முகாமில் ஒன்பது பேருக்கு வயிற்றோட்டம் வந்தது. அரிசி கழுவிய தண்ணீர்போலப் போனது. எட்டுப் பேர் சேலைனில் பிழைத்தார்கள். பாண்டிருப்பு அழகரெத்தினம் பிழைக்கவில்லை.

சாவுக்கு மறுநாளே கதை பிறந்துவிட்டது. 'அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணிதான் கொன்றது.' தமிழ் வரிசையில் இளந்தாரிகள் கூடி நின்றார்கள். முஸ்லிம் வரிசையிலும் நின்றார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் கூடி, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு முடிவு என்றார்கள். கிணற்றில் குற்றம் இருந்தால் மண் போட்டு மூடுவது. முகைதீன்பாவா தலையைக் குனிந்துகொண்டு, "குத்தமெண்டு எழுத்தில வந்தா நானே மொத மண்ணப் போடுறன்" என்று மட்டும் சொன்னாராம்.

சுகாதாரப் பரிசோதகர் சசிகரன் மூன்று மாதிரிகள் கொண்டுவந்தார்: நோயாளிகளுடையது, கிணற்றுத் தண்ணீர், தாங்கித் தண்ணீர். மூன்றிலும் கொலராக் குடும்பம் இருந்தது.

"பிறகென்ன மிஸ், கிணத்திலயும் கொலரா. முடிஞ்சு போச்சே."

"குடும்பம் ஒண்டுதான் சேர். ஆள் ஒண்டெண்டு எப்பிடிச் சொல்லுற? கல்முனையில எத்தின ஹமீட் இருக்கு? ஒரு ஹமீட் களவெடுத்தா எல்லா ஹமீட்டையும் பிடிக்கிறதா? கடல் ஏறின கிணறுகளில நோய் தராத இனமும் கிடக்கும்."

"கொழும்புக்கு அனுப்பினா?"

"பத்து நாள் செல்லும்."

"வெள்ளிக்கிழமைக்கு ரெண்டு நாள்தான் இருக்கு."

அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். மின்சாரமில்லாத அந்த மார்கழி நாட்களில் ஐஸ்கட்டி போட்டுக் காப்பாற்றிய ஐந்து குப்பிகள். மூன்று தட்டுகளில், தட்டுக்கு ஐந்து துளி வைத்தாள். மூடியில் வேர்க்கும் தண்ணீர் கிருமியின்மேல் சொட்டாதிருக்க, தட்டுகளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பதுதான் முறை. அப்படியே வெப்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

வியாழன் காலை. நோயாளிகளின் தட்டை எடுத்து, நிமிர்த்தி, மூடியைத் திறந்து பார்த்தாள். இடப்பக்கம் இரண்டு வட்டம், நடுவில் ஒன்று. அந்த நேரம் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டர் இரைந்தது. வார்டிலிருந்து அவசரமாக ஆள் வந்தது. சசிகரன் வாசலில் நின்று மணிக்கூட்டைப் பார்த்தார். மற்ற இரண்டு தட்டுகளையும் கவிழ்ந்து கிடந்தபடியே தூக்கி யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே கோடு சரியாக இருந்தது. கிணறு: இடப்பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று. தாங்கி: வலப்பக்கம் இரண்டு, நடுவில் ஒன்று.

'நோயாளிகளின் கிருமியும் கிணற்றின் கிருமியும் ஒரே வகை' என்று எழுதிக் கையொப்பமிட்டாள். அதைச் சசிகரனிடம் கொடுத்தாள். 

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஓட்டோவில் வேலைக்குப் போனாள். முன் கண்ணாடியில் வெளியே பார்க்கும்படி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பின்னாலிருந்த அவளுக்கு எழுத்துகளெல்லாம் திரும்பித் தெரிந்தன. பொழுது போகாமல் எழுத்துக் கூட்டினாள். 'உம்மாவின் துஆ.' வெளியே நிற்பவனுக்கு இடது, உள்ளே இருக்கும் எனக்கு வலது...

"நிப்பாட்டுங்க!" என்று கத்திவிட்டாள்.

ஓட்டோக்காரர் திடுக்கிட்டுப் பிறேக் போட்டார். "என்ன தங்கச்சி, என்னத்தையும் விட்டுட்டு வந்திட்டீங்களா?"

"இல்ல, இல்ல. விடாதீங்க. கெதியாப் போங்க!"

"நிப்பாட்டவா, போகவா? ஒண்டச் செல்லுங்களன்!"

ஆய்வுகூடத்துக்குள் ஓடினாள். மேசையில் தட்டுகள் இல்லை! பார்த்து முடித்த தட்டுகளைப் பெரிய பிரஷர் குக்கரில் அவித்துக் கிருமியை அழித்துவிடுவது சல்மா உம்மாவின் வேலை. குக்கர் மூடியபடி அடுப்பில் இருந்தது.

"உம்மா! அந்தத் தட்டெல்லாம் அவிச்சிட்டீங்களா?"

சல்மா உம்மா சுவரோடு சாய்ந்து கொட்டாவி விட்டார். "நேத்தே வெச்சிட்டன். ஆனா அடுப்பு பத்தல்லயே. கேஸ் முடிஞ்சி. புதுச் சிலிண்டர் கேட்டு மூணு நாள். இந்த ஆஸ்பத்திரியில என்னதான் நேரத்துக்கு வருது?"

கேதீஸ்வரி அந்தக் கிழவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

மூன்று தட்டுகளையும் வரிசையாக வைத்தாள். மூன்றையும் நிமிர்த்தினாள். மூன்றையும் ஒரே பக்கமிருந்து பார்த்தாள். நோயாளிகள்: இடப்பக்கம் இரண்டு. தாங்கி: இடப்பக்கம் இரண்டு. கிணறு: வலப்பக்கம் இரண்டு.

கிணறு குற்றமற்றது. அவள் கவிழ்த்துப் பார்த்ததில் இடது வலதாகிவிட்டது. கள்ளனுக்கு விடுதலையும் நிரபராதிக்குத் தண்டனையும் எழுதிக் கொடுத்தவள் அவள். அவளுடைய கையொப்பம்!

பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. குக்கருக்குப் புதுச் சிலிண்டர் வந்துவிட்டால் சாட்சியும் வெந்துவிடும். ஒரு நிமிடம் அந்த எண்ணமும் வந்தது என்று பிறகு சல்மா உம்மாவிடம் அவளே சொல்லி அழுதாள். மறு நிமிடம் தட்டுகளின் மூடிகளை ஒட்டி, பொலித்தீன் பைகளில் கட்டிக்கொண்டு மறுபடி ஓட்டோவில் ஏறினாள்.

ஜும்ஆ முடிந்து சனம் கிணற்றடிக்கு வந்துவிட்டது. மண் ஏற்றிய உழவு மெஷின் ஒன்று பின்பக்கமாக வந்ததில் அதன் இழுவைப் பெட்டி இடித்து, கட்டுச் சுவரில் ஒரு பக்கம் உடைந்து கிடந்தது. உம்முவின் வீட்டுக் கல். முகைதீன்பாவா கையில் மண்வெட்டியோடு நின்றார். சொன்ன சொல்லுக்கு முதல் மண் அவருடையது.

"போடாதீங்க காக்கா!" கேதீஸ்வரி சனத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். "நான் பிழையா எழுதிப்போட்டன். கிணத்தில குத்தமில்ல. தாங்கியிலதான்."

சசிகரனின் முகம் வெளுத்தது. "மிஸ், நேற்று நீங்க கையெழுத்து வச்சுத் தந்தனீங்க."

"ஓம் சேர். அது பிழை. என்ர பிழை."

அழகரெத்தினத்தின் மனைவி கனகேஸ்வரி நிலத்திலிருந்து எழுந்தாள். "நேத்து ஒண்டு, இண்டைக்கு ஒண்டு! உங்கட பேனைக்கு ரெண்டு நாக்கா? என்ர மனிசன் செத்தது உங்களுக்கு விளையாட்டாக் கிடக்கா?"

"இவவுக்கு அவங்க எவ்வளவு குடுத்தாங்களோ!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

கேதீஸ்வரி வாழ்க்கையில் முதல்தடவையாகச் சனத்தை நிமிர்ந்து பார்த்தாள். தட்டை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். "கனகேஸ்வரியக்கா, நீங்களே பாருங்க. கையில எடுக்காதீங்க, கண்ணால பாருங்க. இது உங்கட மனிசன்ட. வட்டம் எந்தப் பக்கம்?"

"...இடப்பக்கம்."

"இது கிணறு."

"வலப்பக்கம்."

தட்டை அப்படியே கவிழ்த்தாள். "இப்ப?"

கனகேஸ்வரி மூச்சை இழுத்தாள். "இடப்பக்கமாப் போச்சே!"

"நேத்து நான் இப்பிடிக் கவிழ்த்துப் பார்த்தன். அதுதான் நான் செய்த பாவம். இந்தா, இது தாங்கித் தண்ணி. நிமிர்த்தித்தான் வச்சிருக்கன்."

கனகேஸ்வரி பார்த்தாள். தன் புருஷனின் தட்டைப் பார்த்தாள். மறுபடி தாங்கியின் தட்டைப் பார்த்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் சனத்தின் ஓரத்திலிருந்து பவுசர் ஹமீட் விம்மினார். "ஹர்த்தால் அண்டைக்கு ரோடு பூட்டிக் கிடந்திச்சி. சம்மாந்துறைக்குப் போய்த் தண்ணி எடுக்க ஏலாமப் போச்சி. புள்ளகள் கோப்பையோட நிண்டதுகள். வாய்க்கால்ல அடிச்சி ஊத்திட்டன். மருந்துக் குளிசை போட மறந்திட்டன். அல்லாஹ், நான்தான், நான்தான்!" தலையில் அடித்துக்கொண்டு மண்ணில் இருந்துவிட்டார். ஒரு மனிதரும் அவர்மேல் கை வைக்கவில்லை. கோப்பையோடு நின்ற பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த பிள்ளைகள்.

முகைதீன்பாவா மண்வெட்டியைக் கீழே வைத்தார். தட்டின் அருகே குனிந்து, அந்தத் தெளிந்த வட்டங்களை நெடுநேரம் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த ஓட்டயப் போட்டது ஆரு?"

"கிருமியத் தின்னுற ஒரு உயிர் காக்கா. கண்ணுக்குத் தெரியாது."

"அது எங்க இரிக்கி?"

"தண்ணியிலதான். எந்தத் தண்ணியில கிருமி இருக்கோ, அந்தத் தண்ணியிலயே அதுவும் இருக்கும். உங்கட கிணத்திலயும் இருக்கும்."

"கொல்லுறதுக்குப் பக்கத்திலயே அதக் கொல்லுறதயும் வெச்சிருக்கானா?" அவர் வானத்தைப் பார்த்தார். "சுப்ஹானல்லாஹ்! நாங்க ரெண்டு சாதியா நிண்டு மண்ணக் கொட்டப் பாத்தம். கண்ணுக்குத் தெரியாத அது இது வேற, அது வேறயெண்டு சரியாச் சொல்லிப்போட்டுதே!"

மண் ஏற்றிய மெஷின் வந்த வழியே போயிற்று. தாங்கியை அகற்றினார்கள். கிணற்றுக்குக் குளோரின் போட்டு ஒரு வாரம் பொறுத்து மறுபடி அள்ளினார்கள். பத்தாம் நாள் கொழும்பிலிருந்தும் அதே முடிவு வந்தது. கேதீஸ்வரிக்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அதை அவள் மடித்துத் தன் மேசை லாச்சியில், தினமும் கண்ணில் படும் இடத்தில் வைத்தாள். குளோரின் போடுமுன் எடுத்த கிணற்றுத் தண்ணீரில் மிச்சமிருந்ததை வடித்து, அதில் ஒரு துளியை நோயாளிகளின் கிருமிமேல் வைத்துப் பார்த்தாள். மூன்று தட்டிலும் வட்டம் போட்ட நடுத் துளியைப்போல, இரண்டு வகையையும் தின்னும் பேஜ் ஒன்று கிணற்றிலும் இருந்தது. மறுநாள் காலை அந்தத் துளி விழுந்த இடத்தில் ஒரு வட்டம்! கழுவித் துடைத்த கண்ணாடிபோல்! மூடியைத் திறந்தபடியே நின்று அழுதாள். ஐந்து குப்பிகளுக்குப் பக்கத்தில் ஆறாவது குப்பி வந்தது. எங்கிருந்து எடுத்தது என்று பெயரெழுத வேண்டும் என்பது விதி. 'உம்மு' என்று எழுதினாள்.

2009 வைகாசி. யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன வாரம். பிரதான வீதியில் எங்கோ பட்டாசு வெடித்தது. பாண்டிருப்பில் பல வீடுகளின் கதவுகள் சாத்தியிருந்தன. முகைதீன்பாவா ஆளனுப்பிக் கேதீஸ்வரியைக் கிணற்றடிக்கு அழைத்தார்.

நாலு வருடமாக உடைந்து கிடந்த கட்டுச் சுவரை அன்றுதான் பூசிக்கொண்டிருந்தார். இனி யாரும் இடிக்க வரமாட்டார்கள் என்ற நம்பிக்கை அவருக்கு அந்த வாரம்தான் வந்ததாம். சீமெந்து இன்னும் ஈரம் காயவில்லை.

"சல்மா உம்மா இப்பதான் செல்லிச்சி தங்கச்சி. உங்களுக்கும் ஒரு புள்ள போனதாமே கடலோட. அண்டைக்கு அத்தின பேருக்கு முன்னால நிண்டீங்க, ஒரு சொல்லுச் செல்லல்லயே!"

அவள் தலையைக் குனிந்தாள்.

"உம்முட குப்பி உங்கட பெட்டிக்குள்ள இரிக்காம். உங்கட புள்ள இங்க இரிக்கட்டும். சுவருக்கு மேல, இந்த ஈரத்தில பேர எழுதுங்க."

கேதீஸ்வரி முழங்காலில் இருந்தாள். விரலை நீட்டியவள் நிறுத்திவிட்டாள். அந்தத் தட்டுக்குப் பிறகு, எந்தப் பக்கம் என்று கேட்காமல் அவள் எங்கும் ஓர் அடையாளம் வைத்ததில்லை.

"காக்கா, தண்ணி அள்ளுற ஆக்கள் அங்கால நிண்டுதானே பார்ப்பாங்க? நான் இங்க இருந்து எழுதினா அவங்களுக்குத் தலைகீழாத் தெரியும். எந்தப் பக்கத்தால எழுதுற?"

முகைதீன்பாவா சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தார். கண்ணைத் துடைத்தார்.

"எங்கால நிண்டு பாத்தாலும் புள்ள புள்ளதான் தங்கச்சி. எழுதுங்க."

அவள் எழுதினாள். ஒவ்வோர் எழுத்தாக, எழுதும்போதே வாயால் சொல்லிச் சொல்லி எழுதினாள். நாலரை வருடங்களுக்குப் பிறகு அந்தப் பெயர் அவள் வாயில் வந்தது.

"சு... ல... க்... ச... னா."